குட் சார், எடுத்துக்கோங்க

எனக்கு பட்டிங் வராது. கோல்ஃப் ஆடத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகி, ஆட்டத் தரத்தைக் காட்டும் ஹேண்டிகேப்பும் (எண் குறையக் குறைய நல்லது) வெளியில் சொல்லக் கூச்சப்படாத ஓர் எண்ணுக்கு வந்த பிறகு இதை எழுதிக் கொடுக்கிறேன். ‘இன்னைக்கு கிரீன் ரொம்ப ஸ்லோ’, ‘பனி ஈரம் இன்னும் காயலை’, ‘கேடி லைன் தப்பாச் சொல்லிட்டான்’ என்று கிளப் ஹவுஸில் உட்கார்ந்து இத்தனை காலம் நான் அடுக்கிய காரணங்களில் முக்கால்வாசி பொய். மீதிக் கால்வாசி உண்மைதான். ஆனால் என் பந்து குழிக்கு வெளியே நின்றது அவற்றால் அல்ல.

இதில் எனக்கே வெகுநாள் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. மோசமாக ஆடிய காலத்தில் நான் பட்டிங்கில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். டிரைவும் அயர்னும் உருப்பட்ட பிறகுதான் குட்டு உடைந்தது.

கோல்ஃப் பக்கம் போகாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீயிலிருந்து டிரைவரால் 200, 250 கஜம் அடிப்பது, விழுந்த இடத்திலிருந்து அயர்ன் எடுத்துக் கிரீனுக்கு அனுப்புவது, இதெல்லாம் லாங் கேம். ஒட்ட வெட்டிய புல்லாலான கிரீன்மேல் பந்து வந்து நின்ற பிறகு, தட்டை முகம் கொண்ட பட்டரால் உருட்டிக் குழியில் போடுவது பட்டிங். குழியின் விட்டம் 4.25 அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். பந்து 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 250 கஜம் பறந்த அடிக்கும் கார்டில் ஒன்று, இரண்டடி உருண்டதற்கும் ஒன்று. ஒரு குழியை இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற அளவுக்குப் பார் என்று பெயர். அந்தப் பார் கணக்கிலேயே ஒவ்வொரு குழிக்கும் இரண்டு பட் ஒதுக்கியிருக்கிறார்கள். பார் 72 என்றால் அதில் 36 பட்டுக்கு. சரிபாதி. இந்தச் சரிபாதியைத்தான் நான் சட்டை செய்யாமல் இருந்தேன்.

ஆரம்ப வருடங்களில் என் டிரைவ் கிளம்பும்போது நேராகக் கிளம்பும், பிறகு வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போகும். அங்கிருந்து எப்படியோ ஃபேர்வேக்குக் கொண்டுவந்து, அடுத்த அடியில் கிரீனுக்கு இருபது, முப்பது கஜம் முன்னால் நிறுத்துவேன். இரண்டாவது அடியில் கிரீனை எட்டுவதெல்லாம் எப்போதோ நடக்கும் அதிசயம். ஆகவே வெட்ஜை எடுத்துச் சிப் செய்வது, அதாவது கிரீனுக்கு வெளியிலிருந்து பந்தைத் தட்டிக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோவது, எனக்கு அன்றாட வேலையாகி, அது கைக்கும் வந்துவிட்டது. சிப் செய்த பந்து குழிக்கு நாலடி, ஐந்தடியில் போய் நிற்கும். அதில் சில விழும். விழாதவை விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ரவுண்டு முடிந்து பட்களை மட்டும் எண்ணினால் 30ஐச் சுற்றி வரும். தொழில்முறை ஆட்டக்காரர்களின் தொடரான அமெரிக்க பிஜிஏ டூரில் ஆடுகிறவர்களின் சராசரியே ரவுண்டுக்கு 29 சொச்சம். ‘பட்டிங்ல நான் டூர் லெவல், டிரைவ்தான் காலை வாருது’ என்று நான் சொல்லிக்கொள்ள அந்த எண் போதுமானதாக இருந்தது. நண்பர்களும் தலையாட்டினார்கள். எண் பொய் சொல்லவில்லை. அது எதைச் சொல்கிறது என்று நான்தான் கேட்கவில்லை.

பிறகு அலுவலகப் பாரம் குறைந்த சமயத்தில் ஒரு கோச்சிடம் சேர்ந்தேன். அவர் முதலில் கிரிப்பை மாற்றினார், அப்புறம் தோள் திரும்புவதை. பல மாதம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒருநாள் அந்த வலப்பக்க வளைவு போய்விட்டது. டிரைவ் ஃபேர்வேயில் விழுந்தது. ஏழாம் நம்பர் அயர்ன் அடித்தால் பந்து மேலே எழும்பிக் கிரீனில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்து டீயில் நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர்கள் திரும்பிப் பார்த்ததுதான் என் நோய்க்குக் காரணம். டிரைவிங் ரேஞ்சில் காசு கொடுத்து வாளி வாளியாகப் பந்து வாங்கி அடித்தேன். அதை ஒட்டியே பிராக்டிஸ் கிரீன் இருக்கிறது. காசு கிடையாது, கூட்டமும் கிடையாது. பெரும்பாலும் ஒரு சிறுவனோ, போட்டிக்குத் தயாராகும் ஒரு பெண்ணோ தனியாக நின்று உருட்டிக்கொண்டிருப்பார்கள். நான் கார் நிறுத்துமிடத்துக்கு அதைத் தாண்டித்தான் போவேன். ஒருநாளும் நின்றதில்லை. மூன்றடிப் பட் விழுந்தால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

லாங் கேம் தேறியதும் ஸ்கோர் மளமளவென்று இறங்கும் என்று எதிர்பார்த்தேன். இறங்கியது, ஆனால் கஞ்சத்தனமாக இறங்கியது. ஒரு ரவுண்டில் முன்பு இரண்டு மூன்று கிரீன்களை எட்டியவன் இப்போது எட்டு, ஒன்பது கிரீன்களை உரிய அடிக்குள் எட்டுகிறேன். அப்படியானால் ஆறேழு அடி குறைய வேண்டாமா? குறைந்தது இரண்டு மூன்றுதான். பட்களை எண்ணினேன். 36, சில நாள் 38. டூர் லெவல் என்று மார்தட்டியவனுக்கு இப்போது கிளப்பின் புது உறுப்பினர் அளவுக்குப் பட்கள். எல்லாப் பாடத்திலும் ஃபெயிலாகும் பையனிடம் கணக்கில் ஏன் ஃபெயில் என்று யாரும் தனியாகக் கேட்பதில்லை. மற்ற நாலு பாடத்தில் தேறிய பிறகுதான் அந்த ஒற்றைச் சிவப்புக்கோடு அப்பாவின் கண்ணில் படும். என் கார்டு அப்படி ஆகிவிட்டது.

இங்கே எனக்கும் கொஞ்சம் நியாயம் செய்துகொள்கிறேன். அந்த 36இல் ஒரு பகுதி வெறும் கணக்கு, என் தப்பு இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வணிகவியல் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூரில் அளந்து சேகரித்த அடிகளின் தூரங்களை வைத்து ‘ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்’ என்ற கணக்குமுறையை உருவாக்கினார். 2011இல் டூரே அதைப் பட்டிங்குக்கு அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டது. முறை எளிமையானது. எத்தனை பட் என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு தூரத்திலிருந்து எத்தனை பட் என்று பார்க்க வேண்டும். டூர் ஆட்டக்காரர் எட்டடியிலிருந்து பாதிக்குப் பாதிதான் போடுகிறார். பத்தடியில் நூற்றுக்கு 40, இருபதடியில் 15. முப்பத்து மூன்றடி போனால் அவருக்கே சராசரி இரண்டு பட். தொலைக்காட்சியில் முன்னணியில் இருப்பவர்களை மட்டும், அதுவும் அன்று பந்து உள்ளே விழுகிற நாளில் மட்டும் பார்க்கிற நமக்கு இந்த எண்களை நம்பக் கஷ்டமாக இருக்கும்.

இதை என் ஆட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தேன். பழைய நான் ஐந்தடியிலிருந்து பட் செய்தேன், ஏனென்றால் சிப் செய்து பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தேன். புதிய நான் நாற்பதடியிலிருந்து பட் செய்கிறேன், ஏனென்றால் 150 கஜத்திலிருந்து கிரீனை எட்டியதே பெரிய விஷயம். கிரீனின் எந்த மூலையில் என்பது என் கையில் இல்லை. என் பட்டிங் கெட்டுவிடவில்லை. அதற்குக் கொடுத்த கேள்வித்தாள்தான் கடினமாகிவிட்டது. சொல்லப்போனால் பிராடியின் ‘எவ்ரி ஷாட் கவுன்ட்ஸ்’ புத்தகத்தின் முக்கியமான முடிவே, நல்ல ஆட்டக்காரரையும் சுமாரானவரையும் பிரிக்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு லாங் கேமுடையது, பட்டிங்குக்கு அதில் சிறுபங்குதான் என்பது. ஆக, ரேஞ்சில் நான் செலவழித்த காசு வீண் இல்லை.

இந்தக் கணக்கைப் படித்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் தப்பு. கணக்கு என் குற்றத்தில் பாதியைத்தான் தள்ளுபடி செய்தது. நான் முழுவதையும் தள்ளுபடியாக எடுத்துக்கொண்டேன். நாற்பதடியிலிருந்து இரண்டு பட் ஆவது நியாயம். மூன்று ஆவது? அதுவும் ரவுண்டுக்கு நாலைந்து முறை? முதல் பட்டை ஏழடி முன்னாலேயே நிறுத்திவிட்டு, அடுத்ததை விளிம்பு உரசப் போகவிட்டு, மூன்றாவதை... அந்த மூன்றாவதைப் பற்றித்தான் இந்த வாக்குமூலமே. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் நான் ஒளிந்துகொண்ட இடத்தைச் சொல்ல வேண்டும். பென் ஹோகன் பின்னால் ஒளிந்துகொண்டேன். என்னைப் போல் லாங் கேம் பித்துப் பிடித்தவர்களுக்கு அவர்தான் குலதெய்வம். 1949இல் கார் பஸ்ஸில் மோதி, இனி நடப்பாரா என்று டாக்டர்கள் சந்தேகப்பட்ட மனிதர், 1953இல் மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றையும் ஒரே வருடத்தில் ஜெயித்தார். 1957இல் அவர் எழுதிய ‘ஃபைவ் லெசன்ஸ்’ புத்தகத்தை நான் கிட்டத்தட்ட மனப்பாடமாக வைத்திருக்கிறேன். கிரிப் உண்டு, நிற்கும் முறை உண்டு, ஸ்விங்கின் இரண்டு பாதிகள் உண்டு. பட்டிங்குக்கு ஒரு பாடம்கூட இல்லை. பெரியவரே விட்டுவிட்டார், நமக்கென்ன என்று இருந்தேன்.

பெரியவர் விட்டதன் பலனையும் படித்திருக்க வேண்டும். 1946 மாஸ்டர்ஸில் கடைசி கிரீனில் மூன்று பட் போட்டு ஹெர்மன் கைசரிடம் ஓர் அடியில் தோற்றார். அதே வருடம் யுஎஸ் ஓப்பனிலும் கடைசி கிரீனில் மூன்று பட், ஓர் அடியில் சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃப் வாய்ப்பு போனது. 1956 யுஎஸ் ஓப்பனில் பதினேழாவது குழியில் இரண்டரையடிப் பட்டைத் தவறவிட்டார், ஓர் அடியில் கேரி மிடில்காஃப் ஜெயித்தார். 1960இல் டென்வருக்குப் பக்கத்தில் செர்ரி ஹில்ஸில், 47 வயதில், கடைசி நாளில் ஆடவேண்டிய 36 குழிகளில் முதல் 34 கிரீன்களையும் உரிய அடிக்குள் எட்டினார். 34! நான் அதில் பாதியை எட்டினால் ஊருக்கே விருந்து வைப்பேன். அன்று கோப்பையைத் தூக்கியது ஆர்னால்ட் பால்மர். கடைசிக் காலத்தில் ஹோகன் கிரீனில் பந்துமேல் குனிந்தால் பட்டரைப் பின்னால் எடுக்க முடியாமல் உறைந்து நிற்பாராம். ஒளிந்துகொள்ள நான் தேர்ந்தெடுத்த இடம் இதுதான். கூரையே இல்லாத வீடு.

இனி அந்த மூன்றாவது பட்.

நாங்கள் சனிக்கிழமை காலை நாலு பேர் ஆடுகிறோம், இரண்டிரண்டு பேராக ஜோடி. பந்து குழிக்குப் பக்கத்தில் நின்றால் யாராவது ஒருவர் ‘குட் சார், எடுத்துக்கோங்க’ என்பார். விழுந்ததாக வைத்துக்கொண்டு பந்தை எடுத்துவிடலாம். குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் மேட்ச் பிளே ஆட்டத்தில் விதியே இதை அனுமதிக்கிறது, எதிராளி விட்டுக்கொடுக்கலாம். மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் அந்தப் பேச்சே கிடையாது. பந்து குழிக்குள் விழ வேண்டும், விழாமல் அடுத்த டீயில் அடித்துவிட்டால் தகுதி நீக்கம். எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் இந்த இரண்டையும் குழப்பி, சவுகரியத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். ஆரம்பத்தில் பட்டர் தலை நீளத்துக்குள் இருந்தால் விட்டுக்கொடுத்தோம். பிறகு கிரிப்புக்குக் கீழே இருக்கிற நீளம். பிறகு மூன்றடி. சமயத்தில், வெயில் ஏறிவிட்டால், நாலடியும்.

விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை என்று எல்லோரும் சொல்வோம். உதாரணமும் கையில் உண்டு. 1969 ரைடர் கோப்பை, இங்கிலாந்தின் ராயல் பெர்க்டேல் மைதானம், கடைசி மேட்ச், கடைசி கிரீன். டோனி ஜாக்லினுக்கு இரண்டடியோ மூன்றடியோ பாக்கி. எதிராளியான ஜாக் நிக்லஸ் அவருடைய பந்து அடையாளத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். கோப்பை ஆட்டம் 16-16 என்று சமமாக முடிந்தது. நிக்லஸ் ஆடிய அமெரிக்க அணியின் கேப்டன் சாம் ஸ்னீடுக்கு இது பிடிக்கவில்லை. அவருக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. 1947 யுஎஸ் ஓப்பன் பிளே-ஆஃபின் கடைசி கிரீனில், யார் பந்து தூரம் என்று டேப் வைத்து அளந்த பிறகு, முப்பது அங்குலச் சொச்சத்தில் இருந்து தவறவிட்டவர் ஸ்னீட். டூரில் 82 பட்டம் வென்றவர், யுஎஸ் ஓப்பனை மட்டும் கடைசிவரை வெல்லவேயில்லை. அவரைப் பொறுத்தவரை இரண்டரையடி என்பது யாருக்கும் இனாமாகக் கொடுக்கிற பொருள் இல்லை.

நிக்லஸ் கொடுத்தது ஒருமுறை. எனக்குச் சனிக்கிழமைதோறும் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்று சொல்வதுகூடச் சுத்தமில்லை, நான் வாங்கினேன். எப்படி என்று சொல்கிறேன். முதல் பட் நின்றதும் வேகமாக நடந்து பந்திடம் போவேன். பட்டரை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு, ‘இதுவும் போடணுமா?’ என்கிற முகத்தோடு எதிர் ஜோடியைப் பார்ப்பேன். எந்த நண்பர் ‘போடுங்க’ என்பார்? சொல்வதற்கு வெட்கப்பட்டு ‘குட்’ என்றுவிடுவார். இதில் இன்னொரு தந்திரம், அவர்களுடைய பந்து மூன்றடியில் நின்றால் நான் முந்திக்கொண்டு உரக்க ‘குட்!’ என்பேன். என்னை ரொம்பத் தாராளமானவன் என்று நினைத்தார்கள். முன்பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

கார்டில் பார் என்று எழுதிக்கொள்வேன். அந்தக் கார்டைத்தான் ஹேண்டிகேப்புக்கும் பதிவு செய்தேன். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறை இதற்கு ஒரு சந்தும் விட்டிருக்கிறது. பந்து கிரீனில் ஐந்தடிக்குள் இருந்து போடாமல் எடுத்துவிட்டால், ஓர் அடி கூட்டி எழுதிக்கொள்ளலாம். பிராடியின் பட்டியலில் ஐந்தடிப் பட்டை டூர் ஆட்டக்காரர்களே நாலில் ஒன்று தவறவிடுகிறார்கள். அவர்களுக்கு நூற்றுக்கு 77, எனக்கு நூற்றுக்கு நூறு! என் ஹேண்டிகேப் அப்படி இறங்கியதுதான். லாங் கேமால் பாதி, நண்பர்களின் வெட்கத்தால் பாதி.

கணக்குத் தீர்க்கிற நாள் வந்தது. கிளப்பில் ஒரு ஸ்ட்ரோக் பிளே போட்டி, விட்டுக்கொடுப்பே கிடையாது. வாழ்க்கையிலேயே நன்றாக அடித்த நாட்களில் ஒன்று. முதல் குழியில் கிரீனை எட்டி, முப்பதடிக்குமேல் உருட்டி மூன்றடியில் நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் நிமிர்ந்து பார்த்தேன். கூட ஆடியவர்கள் அறிமுகமில்லாத இருவர். ஒருவர் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்த மூன்றடியை நான் எப்போது கடைசியாகப் போட்டேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. கையில் பட்டர் கனத்தது. பந்து குழியின் வலது விளிம்பைக்கூடத் தொடவில்லை.

அன்று முழுவதும் அதேதான். அடித்ததெல்லாம் கிரீனில், போட்டதெல்லாம் வெளியே. கூட ஆடியவர்களில் ஒருவர் டீயிலிருந்து என்னைவிட நாற்பது கஜம் பின்னால் அடிப்பவர், வயதிலும் மூத்தவர். மெதுவாக வருவார், சிப் செய்வார், ஒரு பட், முடிந்தது. பழைய நானைப் பார்ப்பது போல இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் எல்லாப் பட்டையும் போட்டு முடித்தார். என்னைவிட ஏழெட்டு அடி குறைவில் வீட்டுக்குப் போனார்.

இப்போது சொல்லப் போவதைத் தவிர்க்கத்தான் பார்த்தேன். எனக்கு வழக்கமாகப் பை தூக்கும் கேடி ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். சிறு வயதிலிருந்து அந்த மைதானத்திலேயே வளர்ந்தவர், எந்தக் கிரீனில் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அன்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்து, ‘லெஃப்ட் எட்ஜ் சார், பயப்படாம போடுங்க’ என்றார். ஒவ்வொரு முறையும் பந்து வலப்பக்கம் போனது. கடைசி கிரீனில், நாலு பேர் முன்னால், ‘லைன் பாக்கத் தெரியலைன்னா வாயை மூடிக்கிட்டு இரு’ என்றேன். அடுத்த வாரம் கேடி மாஸ்டரிடம் வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். நிச்சயமாக வந்துகொண்டிருந்த ஒரு வாரக் கூலி அவருக்குப் போனது.

பிறகு கோச் என் பட்டிங்கைச் செல்போனில் படம் எடுத்து மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். பின்னால் நீளமாக எடுக்கிறேன், பந்தை நெருங்கும்போது கை தயங்குகிறது, தயங்கிய கையில் பட்டரின் முகம் திறந்து வலப்பக்கம் பார்க்கிறது. தலை அதற்கு முன்பே குழியைத் தேடித் திரும்பிவிட்டது. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடிக்கும் கணத்தில் அந்த முகம் பார்க்கிற திசைதான். மெதுவாக உருளும் பந்துக்குக் கணக்குப் போட்டால், மூன்றடியில் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய 3.4 டிகிரி வரை தப்பலாம், அப்போதும் விழும். எட்டடியில் 1.3 டிகிரிகூடத் தப்ப முடியாது. மூன்றடியில் விளிம்பைக்கூடத் தொடாமல் போவதற்குத் தனித் திறமை வேண்டும், அது எனக்கு இருந்தது. கேடி சொன்ன லைன் எல்லாம் சரி. என் பந்து அந்த லைனில் கிளம்பவேயில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால், கூலிக்குமேல் பணம் கொடுத்தேன், வாயால் கேட்கவில்லை. இதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையின் அந்தத் தயக்கத்துக்கு ‘யிப்ஸ்’ என்று பெயர் சூட்டவும் பார்த்தேன். டாமி ஆர்மர் என்ற பழைய சாம்பியன் வைத்த பெயர் அது, பட் செய்யும்போது கை தன்னிச்சையாக வெட்டி இழுக்கும் கோளாறு. நோய் என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்களே! ஆனால் பெர்ன்ஹார்ட் லாங்கர் போல அதில் உண்மையாகவே அவதிப்பட்டவர்கள் பிடியை மாற்றி, பட்டரை மாற்றி, பயிற்சியை மாற்றி மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அதோடு போராடிக்கொண்டே லாங்கர் 1985லும் 1993லும் மாஸ்டர்ஸ் ஜெயித்தார். நான் மல்லுக்கட்டவில்லை. எனக்கிருந்தது பயமும் பயிற்சியின்மையும்தான், அவற்றுக்கு மருத்துவப் பெயர் கிடையாது.

பயம் என்றேன். அதிலும் லாங் கேம் ஒரு வேலை செய்திருக்கிறது. முன்பு என் எட்டடிப் பட் போகிக்கு, அதாவது பாருக்கு ஒன்று கூட, தவறினால் டபுள் போகி, அதனால் கவனமாகப் போடுவேன். இப்போது அதே எட்டடி, பாருக்கு ஒன்று குறைவான பர்டிக்கு. பர்டி என்றதும் மனசு, ‘தவறினாலும் பார் இருக்கு, ஓடிப் போயிடாம பாத்துக்கோ’ என்கிறது. பந்து குழிக்கு முன்னாலேயே படுத்துக்கொள்கிறது. டெவின் போப், மாரிஸ் ஷ்வைட்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2011இல் டூரின் 25 லட்சம் பட்களை அலசி, ஒரே தூரத்தில் பாருக்கான பட்டைவிட பர்டிக்கான பட்டை டூர் ஆட்டக்காரர்களே குறைவாகப் போடுகிறார்கள் என்று காட்டினார்கள். வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு அளவில்தான். எனக்கு அது இரண்டோடு நிற்கவில்லை.

ஸ்காட்டி ஷெஃப்லர் கதையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதிலும் நான் எனக்கு வேண்டியதை மட்டும் படித்தேன். 2023இல் டீயிலிருந்து கிரீன் வரை அவருக்கு நிகராக உலகில் ஒருவரும் இல்லை. பட்டிங் பட்டியலில் நூற்றைம்பது பேருக்கும் கீழே கிடந்தார். அடித்த அடிக்கு ஜெயித்திருக்க வேண்டியது இன்னும் எத்தனையோ. அந்த வருடமே பில் கென்யன் என்ற பட்டிங் கோச்சிடம் போனார். 2024 தொடக்கத்தில் பெரிய தலையுள்ள மேலெட் பட்டருக்கு மாறினார். மார்ச்சில் அடுத்தடுத்து இரண்டு பட்டம், ஏப்ரலில் மாஸ்டர்ஸ். செய்தியில் நான் கண்டது ‘பட்டரை மாற்றினார்’ என்ற ஒரு வரிதான். அதற்கு முன்னால் கோச்சிடம் நின்ற மாதங்கள் கண்ணில் படவேயில்லை. அதே மாதிரி மேலெட் பட்டர் ஒன்றை வாங்கிவிட்டேன். என் வீட்டில் இப்போது இருக்கும் பட்டர்களின் எண்ணிக்கையை மனைவிக்குத் தெரியாமல் இங்கே எழுத முடியாது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், காருக்குப் போகும் வழியில் பிராக்டிஸ் கிரீனில் நிற்கிறேன். மூன்றடியில் பந்துகளை வட்டமாக வைத்து ஒவ்வொன்றாகப் போடுகிறேன். அந்தச் சிறுவன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, ‘அங்கிள், விழற சத்தம் கேக்கற வரைக்கும் தலையைத் தூக்காதீங்க’ என்றான். கோச் காசு வாங்கிக்கொண்டு சொன்னதும் இதைத்தான். கொஞ்சம் தேறியிருக்கிறேன். நிறைய இல்லை. நீளமான பட்களில் இன்னும் தூரம் பிடிபடவில்லை. போடாத பட்களையும் போட்டால் விழுந்திருக்குமா என்று பார்த்து நேர்மையாக எழுதத் தொடங்கியதில் ஹேண்டிகேப் மூன்று ஏறிவிட்டது. அதுதான் என் உண்மையான ஹேண்டிகேப். இத்தனை நாள் என்னோடு ஜோடி சேர்ந்து, ‘இவ்வளவு நல்லா அடிக்கிற மனுஷன் கூட ஆடியும் தோத்துட்டோமே’ என்று பீர் பந்தயத்தில் காசு கட்டியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். என் பந்து குழிக்கு இரண்டடியில் நின்று, நான் பழையபடி உங்கள் முகத்தைப் பார்த்தால், தயவுசெய்து ‘குட்’ என்று சொல்லாதீர்கள். ‘போடுங்க’ என்று சொல்லுங்கள். உங்கள் பந்துக்கும் நான் இனி அதையேதான் சொல்லப் போகிறேன்.